புகார்ப் பத்தியைப் படித்து விளையாட்டு வாங்குங்கள்

90-க்கு மேல் மதிப்பெண் பெற்ற எந்த வீடியோ கேமின் விமர்சனத்தை எடுத்தாலும் பாராட்டு ஏறக்குறைய ஒன்றுதான். உலகம் உயிரோடு இருக்கிறது, இசை அருமை, கதை மனத்தை விட்டு நீங்கவில்லை என்பார்கள். அதை வைத்துக்கொண்டு ஒன்றை விட்டு இன்னொன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. வாங்குகிறவருக்குப் பயன்படுவது, பெரும்பாலும் முடிவுக்குச் சற்று முன்னால் விமர்சகர் தாம் கண்ட குறைகளைச் சொல்லும் பத்தி. அதைப் புகார்ப் பத்தி என்று நான் அழைப்பது வழக்கம். அவருக்குச் சின்னக் குறையாகத் தெரிந்தது நம் வீட்டில் பெரிய தடையாகலாம். அவர் வருந்தி எழுதியது நமக்கு ஒரு பொருட்டாகவே இல்லாமல் போகலாம்.

இதை நான் எழுதக் காரணம் வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கும் என் அண்ணன் வீடு. அண்ணன் மகன் காட்பாடியில் பொறியியல் படிக்கிறான். மகள் பத்தாம் வகுப்புத் தேர்வை முடித்துவிட்டு விடுமுறையில் இருக்கிறாள். இருவருக்கும் சேர்த்து ஒரே மடிக்கணினி: 8 ஜிபி நினைவகம், நடுத்தரமான கிராபிக்ஸ் கார்டு, 512 ஜிபி சேமிப்பு. அந்தச் சேமிப்பில் பாதிக்கு மேல் கல்லூரி மென்பொருள்கள் உட்கார்ந்திருக்கின்றன. ஒரே ஒரு விளையாட்டுக்குப் பணம் தர அண்ணன் சம்மதித்திருக்கிறார். "97 வாங்கியதையே வாங்கிவிடலாமே அத்தை, இதில் யோசிக்க என்ன இருக்கிறது?" என்று கேட்டான் மருமகன். யோசிக்க நிறைய இருக்கிறது. பொறியியல் கவுன்சலிங்கில் கட்-ஆஃப் பார்ப்பதுபோல 97-ஐ மேலே, 93-ஐக் கீழே என்று வரிசைப்படுத்தினால் தவறான பெட்டியைத்தான் திறப்போம்.

முதலில் அந்த எண் எப்படி உருவாகிறது என்று பார்க்கலாம். 2001-இல் தொடங்கிய மெட்டாகிரிட்டிக் என்ற இணையதளம் பல இதழ்களின் மதிப்பெண்களைத் திரட்டி நூற்றுக்கு இத்தனை என்று சராசரி போடுகிறது. எல்லா இதழுக்கும் ஒரே மதிப்புக் கிடையாது. சிலவற்றின் தீர்ப்புக்குக் கூடுதல் எடை உண்டு. திரைப்படத்துக்கு 61 எடுத்தாலே, நல்லது என்று காட்டும் பச்சை நிறம் கிடைக்கும். விளையாட்டுக்கு 75 வேண்டும். இதிலிருந்தே தெரிகிறது, விளையாட்டு விமர்சகர்களின் மதிப்பெண்கள் மேல்பக்கமாகவே நெருங்கி நிற்கின்றன. அப்படி நெருங்கி நிற்கும் இடத்தில் ஒன்றிரண்டு மதிப்பெண் வித்தியாசத்துக்கு நம் வீட்டில் எந்தப் பொருளும் இல்லை. தொழிலில் மட்டும் அந்த ஒற்றை மதிப்பெண்ணுக்குக் கொடிய பொருள் இருந்திருக்கிறது. ஃபால்அவுட்: நியூ வேகாஸ் விளையாட்டை உருவாக்கிய அப்சிடியன் நிறுவனத்துக்கு 85 எடுத்தால் ஊக்கத்தொகை என்று ஒப்பந்தம் இருந்தது. கிடைத்தது 84. ஊக்கத்தொகை போனது. ஒன்றரை ஆண்டு உழைத்தவர்களுக்கு நடந்த அந்த அநியாயம் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

மதிப்பெண் எந்தக் கருவிக்கு உரியது என்பதையும் பார்க்க வேண்டும். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2, 2018-இல் சோனியின் பிளேஸ்டேஷன் கருவியில் வந்தபோது 97. அடுத்த ஆண்டு அதே விளையாட்டு கணினிக்கு வந்தபோது 93. சைபர்பங்க் 2077-இல் நடந்தது இன்னும் மோசம். 2020 டிசம்பரில் வெளியாவதற்கு முன் விமர்சகர்களுக்குத் தரப்பட்டது கணினிப் பதிப்பு மட்டும். அவர்கள் நல்ல மதிப்பெண் போட்டார்கள். பிளேஸ்டேஷன் 4 பதிப்போ 57-இல் வந்து நின்றது. வெளியாகி ஒரு வாரம் கடந்த கையோடு சோனி தன் கடையிலிருந்து அதை எடுத்துவிட்டது. கடைக்குத் திரும்பி வந்தது 2021 ஜூனில். விமர்சகர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் விளையாடிய கருவியும் வாங்கியவர் வீட்டில் இருந்த கருவியும் வேறு வேறு, அவ்வளவுதான்.

வேலூரில் இருப்பவர்களுக்கு இதில் இன்னொரு கணக்கும் சேர்கிறது. எந்த விமர்சனத்திலும் அது இருக்காது: வெயில். அக்னி நட்சத்திர நாட்களில் 40 டிகிரியைத் தாண்டுவது எங்கள் ஊரில் செய்தியே அல்ல. சுற்றிலும் பாறைக் குன்றுகள். இரவிலும் மொட்டை மாடி சுடும். மடிக்கணினியின் செயலியும் கிராபிக்ஸ் சில்லும் ஓர் எல்லைக்கு மேல் சூடானால் தம்மைக் காப்பாற்றிக்கொள்ளத் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். டிசம்பரில் சீராக ஓடிய விளையாட்டு மே மாத மதியத்தில் தத்தித் தத்தி ஓடுவது இதனால்தான். கணினியைத் தட்டையான பலகைமேல் வைப்பது, விளையாட்டின் அமைப்பில் விநாடிக்கு இத்தனை சட்டகம் (ஃபிரேம்) என்று உச்ச வரம்பு போடுவது ஆகிய இரண்டும் ஓரளவு உதவும். ஆனாலும் கனமான விளையாட்டு கனமானதுதான்.

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மருமகன் கேட்ட 97-க்கு வருகிறேன். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2, அமெரிக்க மேற்கில் கொள்ளைக் கூட்டங்களின் காலம் முடிகிற கதை. அந்த உலகத்தின் நிதானம், குதிரையோடு வளர்கிற உறவு, ஆர்தர் மார்கன் என்ற மனிதன் மெல்ல மாறுவது ஆகியவற்றை விமர்சகர்கள் ஒரே குரலில் கொண்டாடினார்கள். நானும் கொண்டாடுகிறேன். புகார்ப் பத்தி சொல்வது வேறு: கட்டுப்பாடுகள் கனத்துக் கிடக்கின்றன, பரந்த உலகத்தில் விட்டுவிட்டு, பணி என்று வந்தவுடன் சொன்ன வழியில் சொன்னபடிதான் நடக்க வேண்டியிருக்கிறது. அதோடு 150 ஜிபி இடம் கேட்கிறது. இது வயது வந்தவர்களுக்கான கதை. அண்ணன் மகளுக்கு இதைத் தர நான் தயாராக இல்லை. அண்ணனுக்குத்தான் இது பிடிக்கும் என்று நினைக்கிறேன், ஆனால் கேள்வி அவருக்காக எழவில்லை.

எல்டன் ரிங் பற்றிப் பேச எனக்கு ஆசை அதிகம். ஃபிரம்சாஃப்ட்வேர் நிறுவனம் உருவாக்கியது, 2022 பிப்ரவரியில் வெளியானது. ஹிடெடாகா மியாசாகி இயக்கியது. அந்த விளையாட்டு உலகத்தின் பழங்கதையை எழுதித் தந்தவர் நாவலாசிரியர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின். பிளேஸ்டேஷன் 5-இல் 96. வரைபடத்தில் குறியிட்டு வழிகாட்டாமல், கண்ணில் படுகிற கோபுரத்தை நோக்கி நடக்கவிடுகிற துணிச்சலை விமர்சகர்கள் வியந்தார்கள். புகார்ப் பத்தியில் இரண்டு விஷயங்கள் திரும்பத் திரும்ப வந்தன. துணைக் கதைகளைக் குறித்து வைத்துக்கொள்ள ஏடு இல்லை. கணினிப் பதிப்பு வெளியான நாட்களில் விக்கி விக்கி ஓடியது. வாங்கியவர்கள் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் முதல் நாட்களில் கலவையான தீர்ப்பே எழுதினார்கள். விமர்சகர்கள் பலர் குறையாகவே எண்ணாத ஒன்று எனக்குப் பெரிதாகப்படுகிறது: வழக்கமான இடைநிறுத்தப் பொத்தான் இதில் இல்லை. தனியறையில் விளையாடுகிற விமர்சகருக்கு அது ஒரு வடிவமைப்புக் கொள்கை. கூட்டுக் குடும்பத்தில் கேஸ் சிலிண்டர் வந்து வாசலில் மணி அடித்தால், திரும்பி வரும்போது வீரன் செத்துக் கிடப்பான். இதெல்லாம் போக, குறைந்தபட்சத் தேவையே 12 ஜிபி நினைவகம். பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது.

பால்டர்ஸ் கேட் 3-ஐ மறுப்பது இதைவிடக் கடினம். பெல்ஜியத்தின் லாரியன் நிறுவனம் 2023 ஆகஸ்டில் முழுமையாக வெளியிட்டது, 96, அந்த ஆண்டின் பெரிய விருதுகள் அத்தனையும் அதற்கே போயின. ஒரு கதவைத் திறக்க ஐந்து வழி, ஒரு எதிரியைப் பேசியே ஒதுக்க ஒரு வழி என்று ஆடுகிறவரின் யோசனைக்கு அது தரும் மரியாதை வேறெங்கும் இல்லை. ஒரே திரையைப் பிரித்து இருவர் விளையாடலாம். ஆனால் மூன்றாம் அங்கத்தில் நகரத்துக்குள் நுழைந்ததும் கணினி திணறுகிறது என்று விமர்சகர்கள் எழுதினார்கள். 8 ஜிபி நினைவகமும் 150 ஜிபி இடமும் இதற்குக் குறைந்தபட்சம். எங்கள் கணினி அந்தக் கோட்டின்மேல் நிற்கிறது. முடிக்க 100 மணி நேரம்கூட ஆகலாம். ஜூனில் பள்ளி திறக்கும்போது கதை பாதியில் நிற்கும். இதுவும் பெரியவர்களுக்கான விளையாட்டு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டிஸ்கோ எலிசியம் விஷயத்தில் தடை மொழி. 2021-இல் குரல் முழுவதும் சேர்த்து வந்த இறுதிப் பதிப்பு கணினியில் 97 எடுத்தது. சண்டை என்று தனியாக ஒன்றும் கிடையாது. பத்து லட்சம் சொற்களுக்கு மேல் வாசிப்புத்தான், அதுவும் இலக்கியச் செறிவான ஆங்கிலம். ஆங்கில நாவல் விரும்பிப் படிக்கிறவருக்கு இதைவிடச் சிறந்த பரிசு இல்லை. தமிழ்வழியில் படித்து இப்போது ஆங்கிலத்தோடு போராடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இது தண்டனை. 97 என்ற எண் இந்த வேறுபாட்டைச் சொல்லவே சொல்லாது.

வியூக விளையாட்டில் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-இன் டெஃபினிட்டிவ் எடிஷன், 2019-இல் வந்தது. 84 என்ற மதிப்பெண் பட்டியலில் கீழே தள்ளினாலும் எனக்கு இதன்மேல் தனிப் பற்று. மூல விளையாட்டு வந்தது 1999-இல். அதை இன்றும் விடாமல் விளையாடுகிறார்கள் என்றால் விமர்சகர்களின் முதல் வாரத் தீர்ப்பைவிட அது பெரிய சான்றிதழ். 2022-இல் வந்த இந்திய விரிவாக்கத்தில் திராவிடர் என்று ஒரு தரப்பே உண்டு. உருமி சுழற்றும் வீரர்களும் திரிசடை என்ற போர்க்கப்பலும் அவர்களுடைய சிறப்புப் படைகள். வேலூர்க் கோட்டை அகழியைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, முற்றுகை என்றால் என்ன, அகழிக்கு அப்பால் இருக்கும் மதிலை ஏன் கல்லெறி இயந்திரம் தேடுகிறது என்பது கையோடு புரியும். படைகள் வழி தெரியாமல் முட்டிக்கொள்கின்றன என்பது விமர்சகர்களின் புகார். நியாயமான புகார்தான். எங்களுக்கு அதைவிடப் பெரிய சிக்கல், ஒரே கணினியில் ஒருவர்தான் விளையாட முடியும். மற்றவர் வேடிக்கை பார்க்க வேண்டும்.

கார் பந்தயத்தில் ஃபோர்சா ஹொரைசன் 5, 92. மெக்சிகோவின் நிலக்காட்சி கண்ணுக்கு விருந்து. 110 ஜிபி. உரிமம் பெற்ற கார்களையும் பாடல்களையும் நம்பி நிற்பதால் இந்த வரிசை விளையாட்டுகள் சில ஆண்டுகளில் கடையிலிருந்து எடுக்கப்படுவதும் உண்டு. நான்காவது பாகம் 2024 டிசம்பரில் அப்படித்தான் போனது. இந்தக் கணினியில், இந்த வெயிலில், இது வேண்டாம்.

இனி எஞ்சியவை இருவரும் சேர்ந்து விளையாடக்கூடியவையும் கணினியை வாட்டாதவையும். இட் டேக்ஸ் டூ 2021-இல் ஆண்டின் சிறந்த விளையாட்டு விருதையே வென்றது. ஒவ்வொரு அத்தியாயத்திலும் விளையாடும் முறையே மாறிவிடுகிறது. அந்தக் கற்பனை வளத்தை விமர்சகர்கள் மெச்சினார்கள். இடையிடையே வந்து அறிவுரை சொல்லும் புத்தகப் பாத்திரம் பலருக்கும் எரிச்சல். பிரியப் போகிற பெற்றோர் பொம்மைகளாக மாறிச் சேர்ந்து போராடும் கதை. அதன் கனம் எல்லா வீட்டுக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். தடை இதில் வேறு இடத்தில் இருக்கிறது. இருவர் இல்லாமல் இதைத் தொடங்கவே முடியாது. மருமகனுக்குக் கல்லூரித் தேர்வு, அவன் தங்கைக்குப் பிளஸ் ஒன் சேர்க்கை; இருவரும் ஒரே மாலையில் ஓய்வாக இருப்பது அரிது. வாங்கிய விளையாட்டு பாதி நாட்கள் பூட்டியே கிடக்கும். புதிதாகத் திருமணமானவர்கள் வீட்டுக்கு என்றால் மறுபேச்சு இல்லாமல் இதைத்தான் சொல்வேன்.

ஸ்டார்டியூ வேலியை எரிக் பரோன் என்ற ஒரே மனிதர் நான்கு ஆண்டுகளுக்கு மேல் உட்கார்ந்து உருவாக்கினார். படம், இசை, நிரல், எழுத்து எல்லாம் அவரே. 2016-இல் வெளியானது, 89. 500 எம்பி இடம் போதும். எந்தப் பழைய கணினியும் வியர்க்காமல் ஓட்டும். தாத்தா விட்டுச்சென்ற நிலத்தைத் திருத்திப் பயிரிட்டு, ஊர் மக்களோடு பழகி வாழ்கிற விளையாட்டு. பாலாற்றுப் படுகையில் கிணறு வற்றிய நிலத்தைப் பார்த்தவர்களுக்கு இங்கே தண்ணீர் கேட்டவுடன் கிடைப்பது ஒரு ஆறுதல்கூட. தொடக்கத்தில் உடல்வலு சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது, மீன் பிடிப்பது கடினம் என்பவை புகார்கள். அண்ணன் மகளுக்கு இது உடனே பிடித்துவிடும். மருமகன் இரண்டு நாளில் விலகிவிடுவான் என்று அவனைத் தெரிந்த எனக்குத் தோன்றுகிறது. ஒருவருக்கு மட்டும் வாங்குவதாக இருந்தால் கணக்கு மாறியிருக்கும்.

வெண்பா என்ற விளையாட்டைப் பற்றிச் சொல்லாமல் போக மனமில்லை. டொரண்டோவின் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்டது. 1980-களில் கனடாவுக்குக் குடியேறிய தமிழ்க் குடும்பம். அம்மாவின் கிழிந்துபோன சமையல் ஏட்டை வைத்துக்கொண்டு இட்லி, புட்டு, பிரியாணி என்று ஒவ்வொன்றாகச் செய்து பார்க்கும் புதிர்கள். பின்னணியில் வானொலியில் தமிழ்ப் பாட்டு. மகன் தாய்மொழியிலிருந்து விலகுவதைத் தாய் பார்த்துக்கொண்டு நிற்கும் இடங்களில் எனக்குக் கண்ணீர் வந்தது. 2024-இல் சுயாதீன விளையாட்டுகளுக்கான ஐஜிஎஃப் விழாவின் பெரும் பரிசும், அறிமுகப் படைப்புக்கான பிரிட்டனின் பாஃப்டா விருதும் இதற்குக் கிடைத்தன. விமர்சகர்களின் சராசரியோ 80-ஐ ஒட்டித்தான். ஏன்? சிறியது என்று எல்லோரும் புகார் சொன்னார்கள். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது என்பது உண்மைதான். ஆனால் பிரியாணியில் எது முதலில், எது பிறகு என்பதைப் புதிராகப் பார்த்தவர்களின் மதிப்பெண் அது. ஆம்பூர் பிரியாணி வாடையில் வளர்ந்தவர்களுக்கு, அம்மாவின் கைப்பக்குவத்தைத் தொலைத்துவிட்ட துயரமே முன்னால் நிற்கும். எங்கள் வீட்டு அளவுகோலில் இது 80 அல்ல. ஆயினும் ஒரு கோடைக்கு ஒரே விளையாட்டு என்றால் ஒரு மாலையில் முடிவதை வாங்கச் சொல்ல முடியாது. இதை நானே அவர்களுக்குப் பரிசாகத் தருகிறேன்.

அதிரடிச் சண்டையில் ஹேடீஸ், சூப்பர்ஜெயன்ட் நிறுவனத்துடையது, 2020, 93. கிரேக்கப் பாதாள உலகின் இளவரசன் தப்பி ஓட முயல்கிறான். செத்தால் அப்பாவின் மாளிகைக்குத் திரும்புகிறான். திரும்பும்போதெல்லாம் கதை ஓர் அடி நகர்கிறது. தோல்வியையே கதை சொல்லும் வழியாக்கிய அந்த யோசனைக்காகத்தான் விமர்சகர்கள் எழுந்து நின்றார்கள். அறிவியல் புனைவு, மிகுபுனைவுப் படைப்புகளுக்குத் தரும் ஹியூகோ விருது ஒரு வீடியோ கேமுக்கு வந்த முதல் முறையும் அதுவே. ஒவ்வொரு முயற்சியும் அரைமணி நேரத்தை ஒட்டி முடிவதால் மின்தடைக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே பொருந்தும். புதியவர்களுக்குக் கடவுள் முறை என்று ஒன்று உண்டு: முதலில் அடியின் பலத்தை 20 சதவீதம் தாங்கிக்கொள்ளும், ஒவ்வொரு சாவுக்கும் 2 சதவீதம் கூடி 80 வரை போகும். அதே அறைகளும் அதே பெரும் எதிரிகளும் மீண்டும் மீண்டும் வருகிறார்கள் என்பது புகார்ப் பத்தி. இது ஒருவர் மட்டும் விளையாடுவது. மாறி மாறி விளையாடினால் சண்டை திரைக்கு வெளியே வரும், அந்த வீட்டை எனக்குத் தெரியும்.

நான் வாங்கச் சொல்வது போர்ட்டல் 2. வால்வ் நிறுவனம் 2011 ஏப்ரலில் வெளியிட்டது, 95. இதில் கொல்வதற்கு யாரும் இல்லை. கையிலிருக்கும் கருவியால் ஒரு சுவரில் நீலத் திறப்பும் இன்னொரு சுவரில் ஆரஞ்சுத் திறப்பும் போடலாம். ஒன்றில் நுழைந்தால் மற்றதில் வெளியே வரலாம். இவ்வளவுதான் விதி. உயரத்திலிருந்து தரைத் திறப்புக்குள் விழுந்தால், விழுந்த வேகம் குறையாமல் பக்கச் சுவரிலிருந்து பாய்ந்து வெளியேறுகிறோம். பத்தாம் வகுப்பில் உந்தம் என்று படித்து, கணக்குப் போட்டு, மறந்துவிட்ட ஒன்று இங்கே உடம்பில் ஏறிவிடுகிறது. பின்னால் வண்ணக் குழம்புகள் வருகின்றன: நீலம் பூசிய தரை எகிறவைக்கும், ஆரஞ்சு வேகம் கூட்டும், வெள்ளை பூசிய இடத்தில் திறப்புப் போடலாம். இந்தக் குழம்பு யோசனை, விளையாட்டு உருவாக்கம் கற்பிக்கும் டிஜிபென் கல்லூரி மாணவர்களின் பயிற்சி விளையாட்டிலிருந்து வந்தது. திறப்பு என்ற மூல யோசனையும் அதே கல்லூரியில் இன்னொரு மாணவர் குழு செய்ததுதான். அவர்களை வால்வ் வேலைக்கு எடுத்துக்கொண்டது. காட்பாடியில் செயல்திட்டம் சமர்ப்பிக்கத் தவிக்கும் மருமகனுக்கு இந்தச் செய்தியே பாதி விளையாட்டு.

புகார்ப் பத்திக்கு வருவோம். ஏற்றுத் திரைகள் (லோடிங்) அடிக்கடி குறுக்கே வருகின்றன. விடை தெரிந்த புதிரை இரண்டாம் முறை போடும்போது முதல் முறையின் திகைப்பு இல்லை. வாங்கியவர்கள் சிலர் வெளியான நாளிலேயே கோபத்தோடு மிகக் குறைந்த மதிப்பெண் போட்டார்கள்: சிறியது, அன்றைக்கே அலங்காரப் பொருட்களுக்குத் தனிக் காசு கேட்கிறார்கள் என்று. இவற்றில் எதுவும் சத்துவாச்சாரி வீட்டைத் தொடவில்லை. ஏற்றுத் திரை இன்றைய கணினியில் சில விநாடிகள். தனியாள் கதை எட்டு மணி நேரத்தை ஒட்டி முடிவது விடுமுறைக்குச் சரியான அளவு. அது முடிந்தபின் இரண்டு இயந்திர மனிதர்களுக்கான முற்றிலும் வேறான கதை காத்திருக்கிறது. கையில் பிடித்து ஆடும் கன்ட்ரோலர் ஒன்று இருந்தால் அதே கணினியில் திரையைப் பிரித்து மருமகனும் அவன் தங்கையும் விளையாடலாம். ஒருவர் இல்லாதபோது மற்றவர் தன் தனிக் கதையைத் தொடரலாம். இட் டேக்ஸ் டூவில் இடித்த இடம் இங்கே இடிக்கவில்லை. 8 ஜிபி இடம், 2 ஜிபி நினைவகம். மே மாத மதியத்திலும் ஓடும். பேச்சு ஆங்கிலத்தில்தான், ஆனால் புதிரை விடுவிக்க ஆங்கிலம் தேவையில்லை. வசன எழுத்தைத் திரையில் வைத்துக்கொண்டால் கிளாடோஸ் என்ற இயந்திரத்தின் குத்தல் பேச்சையும் பிள்ளைகள் மெல்லப் பிடித்துவிடுவார்கள். புதிர்கள் தீர்ந்தாலும், 2012-இல் சேர்த்த கருவியைக் கொண்டு தாங்களே அறை கட்டி ஒருவருக்கொருவர் புதிர் போடலாம்.

முழு விலையிலும் இது பெரிய விளையாட்டுகளின் அருகில் வராது. ஸ்டீமின் பருவகாலத் தள்ளுபடியில் இன்னும் கீழே இறங்கும். ஜூன் கடைசியில் கோடைத் தள்ளுபடி வரும். மிச்சமாகும் பணத்தில் கன்ட்ரோலர் வாங்கிவிடச் சொல்லியிருக்கிறேன், அது இல்லாமல் இருவர் கதை ஒரே கணினியில் நடக்காது. வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால், ஸ்டீமில் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். எந்த விளையாட்டை வாங்கினாலும் அந்த இரண்டு மணி நேரத்தை இரவில் செலவழிக்காதீர்கள். மதியம் இரண்டு மணிக்கு, மின்விசிறி மட்டும் ஓடும் அறையில் விளையாடிப் பாருங்கள். அங்கே தத்தினால் திருப்பிக் கொடுத்துவிட்டு ஸ்டார்டியூ வேலிக்குப் போங்கள்.